பொட்டளவு சின்னம்

காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்தது முதல் இந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்தது வரை எத்தனை சின்னங்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பால் கவரில் ஒன்று, பற்பசைக் குழாயில் ஒன்று, காஸ் சிலிண்டரில் ஒன்று, குக்கர் மூடியில் ஒன்று, குழந்தையின் ஜுர மருந்து பாட்டிலில் ஒன்று. பெயரைப் படித்துப் பார்த்தா எடுக்கிறோம்? கண் பார்க்கிறது, கை தானாகப் போய் எடுத்துவிடுகிறது. அவ்வளவுதான்.

இந்தச் சின்னங்களை 'லோகோ' என்கிறார்கள். ஏதோ பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்றுதான் நானும் போன வருஷம் வரை இருந்தேன். எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு கஷ்டம் வந்தபோதுதான், ஒரு சின்னத்தை உருவாக்குவது எத்தனை நாள் வேலை, எத்தனை யோசனை என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

அக்காவுக்கு இரண்டு பெண்கள். கணவர் தவறிப் போனபின் சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று வீட்டிலேயே இடித்து, அரைத்து, பக்கத்துக் கடைகளுக்குப் போட்டு வந்தார். கைமணம் அப்படி! மாதம் 40 கிலோ வரை போய்க்கொண்டிருந்தது. பாக்கெட்டுக்கு ஒரு லேபிள் வேண்டுமே என்று அச்சாபீஸில் சொல்லி அடித்து வாங்கியிருந்தார். அதில் குத்துவிளக்கு, தாமரை, மிளகாய்க் கொத்து, ஓர் ஓரத்தில் மயில், நடுவே நாலு வர்ணத்தில் பெயர். "எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க" என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

ஆறே மாதம். அதே சிவப்பு, அதே மஞ்சள், குத்துவிளக்கு, மிளகாயோடு இன்னொரு பொடி அதே கடைத் தட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர்களும் காப்பியடிக்கவில்லையாம், அதே அச்சாபீஸ், அதே படங்கள்! அக்காவின் பொடி என்று நினைத்து அதை வாங்கிப்போன ஒரு வாடிக்கைக்காரர் தெருவிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டார்: "என்னம்மா, ருசியே மாறிப்போச்சு! மிளகாய்க்குப் பதிலா உப்பையா அரைக்கிறீங்க?"

அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த மாதம் 25 கிலோதான் போனது. பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம் அது.

பென்சிலைத் தொடுவதற்கு முன்

அந்தச் சமயம் பார்த்து என் நாத்தனார் மகள் லீவுக்கு வந்திருந்தாள். டிசைன் படிக்கிற பெண். "இவளையே ஒரு நல்ல படமாப் போட்டுத் தரச் சொல்லுங்களேன்" என்றார் அக்கா. உடனே பேப்பரை எடுத்து வரையப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவளோ முதல் இரண்டு நாளும் ஒரு கோடுகூடப் போடவில்லை. சமையற்கட்டில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்விதான் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்க பொடியை யார் வாங்கறாங்க? எந்தக் கடையில எந்தத் தட்டுல வைக்கிறாங்க? பக்கத்துல என்ன பாக்கெட் இருக்கு? உங்க பொடியில மத்தவங்க பொடியில இல்லாதது என்ன?"

கடைசிக் கேள்விக்கு அக்காவால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "எல்லாரும் போடற சாமான்தாம்மா... ஆனா நான் மொத்தமாப் போட்டு வறுக்க மாட்டேன். தனியா வேற, கடலைப்பருப்பு வேற, மிளகு வேற. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதம் இருக்கு இல்லையா?"

அவள் நோட்டில் அதை மட்டும் கோடிட்டு வைத்துக்கொண்டாள்: 'தனித்தனியாக வறுத்தது.'

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு நாலு மளிகைக் கடை ஏறி இறங்கினாள். பொடித் தட்டுகளைப் போட்டோ எடுத்தாள். வீட்டுக்கு வந்து, எத்தனை பாக்கெட்டில் மிளகாய், எத்தனை பாக்கெட்டில் விளக்கு, எத்தனையில் சிரித்த முகத்தோடு ஒரு அம்மா என்று கணக்குப் போட்டாள். "பார்த்தீங்களா அத்தை, இந்த மூணுல எதைப் போட்டாலும் கூட்டத்துல காணாமப் போயிடும்."

படிக்கத் தெரியாதவர்களும் வாங்குவார்களா என்று அவள் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். ஏன் என்றதற்கு அவள் சொன்ன உதாரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவர்களில் தலைகீழான சிவப்பு முக்கோணம் பார்த்திருப்பீர்களே, குடும்பக் கட்டுப்பாட்டின் அடையாளம்? 1960-களில் மத்திய அரசின் குடும்ப நலத் துறையில் இருந்த டி.கே. தியாகி என்பவர் கொண்டுவந்த சின்னம் அது. எத்தனையோ மொழிகள், பெரும்பாலோருக்குப் படிப்பில்லை. அப்படிப்பட்ட நாட்டில் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது? மூன்றே கோடு, ஒரே வர்ணம். எந்தக் கிராமத்திலும் எந்தப் பெயின்டரும் சுவரில் வரைந்துவிடலாம். 'முக்கோணம் போட்ட இடத்துக்குப் போனால் விவரம் சொல்வார்கள்' என்று ஒரு பெண் இன்னொருத்தி காதில் கிசுகிசுத்தால் போதும். பின்னால் பிற நாடுகளும் இந்த முக்கோணத்தை எடுத்துக்கொண்டன.

பக்கம் பக்கமாய்க் கிறுக்கல்

மூன்றாம் நாள்தான் பென்சில் வெளியே வந்தது. அதுவும் சாதாரண ரூல்ட் நோட்டு, சாதாரண பென்சில். ஒவ்வொரு படமும் தீப்பெட்டி அளவுதான். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு. அழிரப்பரே கிடையாது. "நல்லா வரையணும்னு இப்ப நினைக்கவே கூடாது அத்தை. முதல்ல வர்ற பத்துப் படம் எல்லாருக்கும் தோணறதுதான். அதையெல்லாம் கொட்டித் தீர்த்தாத்தான் நம்மோடது வரும்."

"செல்போன்ல கேட்டா ஒரு நிமிஷத்துல நூறு படம் வருதாமே?" என்று கேட்டேன்.

"வரும். ஆன்ட்டி எதைத் தனியா வறுக்கிறாங்கன்னு அதுக்கு யார் சொல்றது?" என்று சிரித்தாள்.

முதலில் ஒரு உள்ளங்கை வரைந்தாள், கைப்பக்குவத்தைக் காட்ட. பார்த்தவுடனே என் கணவர், "எந்தக் கட்சிக்கு ஓட்டு?" என்றார். அடித்துவிட்டாள். அடுத்து உரலும் உலக்கையும். சின்னதாக்கிப் பார்த்தால் மருந்துக்கடைக் குழவிக்கல் போல் இருந்தது. அதுவும் போயிற்று. வாணலி, ஆவி, கறிவேப்பிலை இலை, அக்கா பெயரின் முதல் எழுத்து என்று ஐந்தாறு பக்கம் ஓடியது.

ஓர் எழுத்தை வைத்துக்கொண்டே எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நம் ரூபாய்க் குறியே சாட்சி என்று அவள் சொன்னாள். 2009-ல் மத்திய நிதி அமைச்சகம் ரூபாய்க்கு ஒரு குறி வேண்டும் என்று போட்டி அறிவித்தது. 3,000-க்கும் அதிகமான படங்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஒன்று. 2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை தேர்ந்தெடுத்தது, நம் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வரைந்ததை! சென்னையில் கட்டடக் கலை படித்து, பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் படித்தவர் அவர். தமிழ் அச்செழுத்துகளைப் பற்றியும் ஆராய்ச்சி செய்தவர். பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அடுத்த வருஷமே அந்தக் குறி நாணயங்களில் ஏறிவிட்டது.

அதில் அவர் செய்தது என்ன தெரியுமா? ஆங்கில 'ஆர்' எழுத்தையும் தேவநாகரி 'ர' எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஆர்' எழுத்தின் செங்குத்துக் கோட்டை எடுத்துவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேவநாகரி எழுத்துக்கு மேலே ஒரு கோடு உண்டல்லவா? அதோடு இன்னொரு கோடு சேர்த்தார். இரண்டு கோடும் நடுவில் உள்ள வெள்ளை இடமும் சேர்ந்து மூவர்ணக் கொடியை நினைவூட்டுகின்றன. புதிதாக எதையும் ஒட்டவைக்காமல், இருந்ததில் ஒரு கோட்டை எடுத்தார், ஒன்றைச் சேர்த்தார். மளிகைக் கடைக்காரர் பில்லில் பேனாவால் ஒரு நொடியில் போட்டுவிடுகிறார். அது எவ்வளவு பெரிய சௌகரியம்!

"கரண்டி எங்கே?"

கிறுக்கிய நோட்டை அவள் மூடிவைத்து இரண்டு நாள் தொடவே இல்லை. தோசை மாவு புளிக்க வேண்டாமா, அது மாதிரிதானாம். மூன்றாம் நாள் காலை, நான் ரசத்துக்குப் பெருங்காயம் எடுக்க அஞ்சறைப் பெட்டியைத் திறந்தபோது, "அத்தை, அப்படியே வையுங்க!" என்று கத்தினாள். என் கை நடுங்கிவிட்டது.

வட்டமான பெட்டி. உள்ளே சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்கள். கடுகு ஒன்றில், மிளகு ஒன்றில், சீரகம் ஒன்றில். ஒன்றோடு ஒன்று கலக்காமல், ஆனால் ஒரே பெட்டிக்குள். 'தனித்தனியாக வறுத்தது' என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பெரிய வட்டம், அதற்குள் ஐந்து சின்ன வட்டம். அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டினால், "அட, பழைய டெலிபோன் டயல்!" என்றார். என் பேரன் "பட்டன்" என்றான். வெளி வட்டத்தை எடுத்தால் தாயக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. கோடு போட்டு அறையாகப் பிரித்தால் கார் சக்கரம். பாவம், அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "இது சரிவராதுபோல அத்தை, வேற ஏதாவது பார்க்கறேன்" என்று பேப்பரைக் கசக்கப் போனாள்.

அக்கா தடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஏம்மா, இதுல கரண்டி எங்கே? கரண்டி இல்லாம எந்த வீட்டுல அஞ்சறைப் பெட்டி இருக்கு?" என்றார்.

அவள் ஒரு வினாடி அக்காவையே பார்த்தாள். ஐந்து வட்டத்தின் குறுக்கே ஒரு சின்னக் கரண்டியைச் சாய்த்துப் போட்டாள். டெலிபோனும் இல்லை, பட்டனும் இல்லை. அஞ்சறைப் பெட்டி! எத்தனை படிப்புப் படித்தாலும், தினமும் அந்தப் பெட்டியைத் திறக்கிற கைக்குத்தான் அது தெரிந்திருந்தது.

ஐந்து பரீட்சை

வரைந்து முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இதற்குப் பிறகுதான் கறாரான சோதனைகள்.

முதலாவது, அளவுச் சோதனை. 50 கிராம் பாக்கெட்டில் நெற்றிப் பொட்டளவுதான் இடம். அந்த அளவுக்குச் சுருக்கியபோது வட்டங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. கரண்டிக் காம்பு மறைந்தே போயிற்று. வட்டங்களைச் சிறிதாக்கி, இடைவெளியைக் கூட்டி, காம்பைத் தடித்தாள். இப்படி ஏழெட்டுத் தடவை.

இரண்டாவது, தூரச் சோதனை. பாக்கெட்டைக் கடைத் தட்டில் வைத்துவிட்டு, வாசல்படியிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பது. கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியில்லாமல் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி.

மூன்றாவது, ஞாபகச் சோதனை. ஒரு குழந்தையிடம் ஐந்து எண்ணும்வரை காட்டிவிட்டு மறைத்து, அதையே வரையச் சொல்வது. என் பேரன் வட்டம் போட்டான், நாலைந்து புள்ளி வைத்தான், கரண்டி போட்டான். பாஸ்!

நான்காவது, தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வேறு விபரீத உருவம் தெரியக்கூடாது.

ஐந்தாவது, கறுப்பு-வெள்ளைச் சோதனை. வர்ணமே இல்லாமல் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி குத்தினாலும் அடையாளம் தெரிய வேண்டும். வர்ணம் தேர்ந்தெடுப்பது கடைசிக் காரியம்தானாம். நான் எப்போதும் நேர்மாறாக அல்லவா நினைத்திருந்தேன்!

இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. உணவுப் பாக்கெட்டுகளில் சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்டிருக்கும். முன்பெல்லாம் அசைவத்துக்கும் அதே வட்டம்தான். வர்ணம் மட்டும் பழுப்பு. பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாத நிறக்குருடு உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களையும் நினைத்துத்தான் 2020-ல் வந்த விதிகளில் அசைவக் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றினார்கள். இப்போது நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும்.

மருந்து அட்டையிலும் இப்படி ஒன்று உண்டு. பின்பக்கத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதைச் சாப்பிடக்கூடாது என்று பொருள். பல ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளில் இந்தக் கோட்டைப் பார்க்கலாம். குழந்தைக்குப் போன தடவை மிச்சமான மாத்திரையைக் கொடுக்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

கடைசியில் அக்காவின் சின்னத்துக்கு ஒரே வர்ணம், வறுத்த மிளகாயின் கருஞ்சிவப்பு. பக்கத்தில் சைவக் குறி வரவேண்டியிருப்பதால் பச்சை வட்டம் வேண்டாம், குழப்பும் என்று ஒதுக்கிவிட்டாள். அச்சுச் செலவும் பாதியாகக் குறைந்தது.

"இவ்வளவுதானா?"

அக்காவுக்கு உள்ளூர ஒரு குறை. "மயிலும் போச்சு, தாமரையும் போச்சு. இதுக்கா பத்து நாள்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கதை சொன்னாள்.

1971-ல் அமெரிக்காவில் காரலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி, ஒரு சின்ன ஷூ கம்பெனிக்காக மணிக்கு இரண்டு டாலர் கூலிக்கு வரைந்துகொடுத்தாள். வளைந்த ஒரே ஒரு கோடு. மொத்தக் கூலி 35 டாலர். கம்பெனி முதலாளிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை; பழகப் பழகப் பிடிக்கலாம் என்றுதான் ஏற்றுக்கொண்டாராம். அதுதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த நைக்கி கம்பெனியின் அடையாளம். 1983-ல் அந்தக் கம்பெனி அவரைக் கூப்பிட்டு, அதே வடிவம் பதித்த மோதிரமும் கம்பெனிப் பங்குகளும் கொடுத்து மரியாதை செய்தது.

"புதுசாப் பார்க்கறப்போ எந்தச் சின்னமும் வெறுமையாத்தான் ஆன்ட்டி இருக்கும். நீங்க போடற பொடியோட ருசிதான் அதுக்குள்ள போய் உட்காரணும். பொடி சரியில்லேன்னா இந்தச் சின்னமே ஜனங்களை விரட்டிடும்" என்றாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் புது லேபிளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

நீங்களும் சின்னம் வைக்கப் போகிறீர்களா?

ஊறுகாய், அப்பளம், தையல், கேக் என்று வீட்டிலிருந்தே ஏதாவது செய்கிற சகோதரிகள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

• உங்கள் பொருளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்? அதை ஒரு வரியில் எழுதுங்கள். அதன்பிறகு படம்.

• அச்சாபீஸிலோ செல்போனிலோ தயாராகக் கிடைக்கும் படங்களை எடுக்காதீர்கள். அதே படம் இன்னொருவருக்கும் போகும்.

• காசு கொடுத்து வரைவித்தால், படத்தின் உரிமை உங்களுக்கு என்று வரைந்தவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூலி கொடுத்ததனால் மட்டும் உரிமை தானாக வந்துவிடாது.

• சின்னத்தை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யலாம். சென்னையில் கிண்டியில் இதற்கான அலுவலகம் இருக்கிறது. இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். 2017 விதிகளின்படி, தனி நபருக்கும் சிறு தொழில்களுக்கும் இணைய விண்ணப்பக் கட்டணம் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பிக்கும்போது கட்டணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

• வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியைப் பதிவு கிடைத்தபிறகே போட வேண்டும். முன்னதாகப் போடுவது குற்றம்.

• உணவுப் பொருளானால், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் சைவ, அசைவக் குறியும் லேபிளில் இருக்கட்டும். சின்னம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவற்றை மறைக்கக்கூடாது.

அக்கா இப்போது மறுபடி 40 கிலோவைத் தாண்டிவிட்டார். போன வாரம் நான் மளிகைக் கடையில் நின்றிருந்தபோது பூக்காரப் பாட்டி வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. அக்காவின் பெயரும் தெரியாது.

"ஏம்பா, அந்தக் கரண்டிப் பொடி ஒண்ணு குடு" என்றார்.

கடைக்காரர் கேள்வியே கேட்கவில்லை. கை தானாகப் போய்ச் சரியான பாக்கெட்டை எடுத்தது.